சண்முகானந்தா அரங்கம், மும்பை: எந்த இருக்கை, யாருடைய நிகழ்ச்சி, எந்த ரயில்

மும்பையில் கர்நாடக சங்கீதம் கேட்க இன்றும் முதலில் சொல்ல வேண்டிய இடம் சயான் கிழக்கில் காந்தி மார்க்கெட்டை ஒட்டியிருக்கும் சண்முகானந்தா அரங்கம்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் எடுக்கும் இடம் அல்ல. நிகழ்ச்சியை நடத்துவது யார், உங்கள் இருக்கை எந்தத் தளத்தில் எவ்வளவு பின்னால் இருக்கிறது, ஒலி மேசையில் இருப்பவருக்கு மிருதங்கம் பழக்கமா, டிரம்ஸ் மட்டும்தான் பழக்கமா என்பதைப் பொறுத்து, அதே அரங்கம் ஒரு நாள் காதுக்கு விருந்தாகவும் இன்னொரு நாள் வெறும் இரைச்சலாகவும் இருக்கும். இவற்றைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் வராது.

முதலில் அளவு. அரங்கில் 2,763 இருக்கைகள், கீழ்த்தளம், அதன்மேல் இரண்டு பால்கனிகள். நரிமன் பாயிண்டில் என்.சி.பி.ஏ. எனும் தேசிய நிகழ்கலை மையத்தில் 1980-ல் திறந்த டாட்டா தியேட்டரில் 1,010 இருக்கைகள். பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸில் 2023-ல் வந்த நீத்தா முகேஷ் அம்பானி கலாசார மையத்தின் பெரிய அரங்கில்கூட 2,000தான். இவ்வளவு பெரிய கூடத்தைக் கட்டியது அரசாங்கமோ தொழிலதிபர் குடும்பமோ அல்ல, ஒரு சங்கீத சபா. ஸ்ரீ சண்முகானந்த ஃபைன் ஆர்ட்ஸ் அண்ட் சங்கீத சபா 1952-ல் தொடங்கியது. அரங்கம் 1963-ல் திறக்கப்பட்டது. 1990-ல் தீ விபத்தில் கருகி, எட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து, 1998-ல் மீண்டும் திறந்தது. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதியின் பெயரைத் தாங்கியிருப்பது இந்த இரண்டாவது பிறவிதான். எரிந்த அரங்கை மறுபடி எழுப்ப ஒரு சபாவால் முடிந்தது என்பதே அதன் பின்னால் இருந்த மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது.

அந்த மனிதர்கள் யார் என்று தெரிந்தால்தான் அரங்கின் இயல்பு புரியும். 1896-ல் பம்பாயைப் பிளேக் தாக்கியபின் நெரிசலைக் குறைக்க அமைத்த இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட், தாதர், மாட்டுங்கா, சயான் பக்கம் புதிய குடியிருப்புகளைத் திட்டமிட்டது. டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்று ரயிலேறி வந்த தமிழர்கள் கம்பெனிகளிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்துக்கொண்டு இங்கே குடியேறினார்கள். 1932-ல் பிள்ளைகள் படிக்க எஸ்.ஐ.இ.எஸ். எனும் தென்னிந்தியர் கல்விச் சங்கம் வந்தது. கோயில், பஜனை மடம், சாப்பாட்டு மெஸ், பூக்கடை என்று ஒவ்வொன்றாக வந்து கடைசியில்தான் சபா. வேலை முடிந்து வீடு திரும்பும் மாதச் சம்பளக்காரர் தன் சந்தாவில் கட்டிய கூடம் இது. அந்தக் குணம் இன்றும் அங்கே மிச்சமிருக்கிறது.

கலையைக் காப்பாற்றும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி நம்மிடம் மிகப் பழையது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கோயிலில் ஆடிப் பாடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல்லுக்கான பங்கும் ஒதுக்கியதைப் பெயர் பெயராகப் பதிந்துவைத்திருக்கிறது. கோயிலுக்குப் பிறகு அரண்மனை, அரண்மனைக்குப் பிறகு மிராசுதார் வீட்டுக் கல்யாணம். அதுவும் ஓய்ந்தபோது சபா பிறந்தது. சென்னையில் பார்த்தசாரதி சுவாமி சபா 1900-ல், மியூசிக் அகாடமி 1928-ல். மன்னன் ஒருவன் கொடுத்ததை ஆயிரம் பேர் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு இது. பணத்தோடு இன்னொன்றும் மாறியது. மிராசுதார் பந்தலில் பாடியவர் விடிய விடியப் பாடலாம். சபாவில் கேட்பவர் மறுநாள் காலை ரயில் பிடிக்க வேண்டும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறை, வர்ணத்தில் தொடங்கி, நடுவில் விரிவான உருப்படி (பாட்டு), தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள் எனும் சிறு பாடல்கள் என்று போவது, இந்தப் புதிய ரசிகரின் பொழுதுக்குப் பொருந்தியதால்தான் ஊன்றி நின்றது. கேட்பவரின் வாழ்க்கை மாறும்போது கேளிக்கையின் வடிவமும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

இனி ஒலிக்கு வருவோம். ஏனென்றால் இருக்கையைத் தேர்ந்தெடுப்பது ஒலியைப் பொறுத்தது.

திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். பாடகரிடமிருந்து 2 மீட்டரில் கேட்பதற்கும் 32 மீட்டரில் கேட்பதற்கும் 24 டெசிபல் வித்தியாசம். மூடிய கூடத்தில் சுவரும் கூரையும் திருப்பி அனுப்புவதால் இழப்பு இவ்வளவு இராது, ஆனாலும் 2,763 பேர் நிறைந்த கூடத்தில் மைக் இல்லாமல் வீணையோ தம்புராவோ கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது. டாட்டா தியேட்டரை வடிவமைத்தபோது மைக் இல்லாமலே கேட்க வேண்டும் என்பது நோக்கம், அதனால் அளவையும் அதற்கேற்பச் சுருக்கினார்கள். சண்முகானந்தாவின் கதை வேறு. முடிந்தவரை நிறையப் பேர், முடிந்தவரை குறைந்த கட்டணத்தில் உட்கார வேண்டும் என்ற கணக்கு. அந்தக் கணக்குக்கு மைக் கட்டாயம்.

மைக் வந்தது 1930-களில். அதற்கு முன் நாடகக் கொட்டகையில் பாடியவர்கள் குரலை உச்சத்துக்கு ஏற்றியே ஆயிரக்கணக்கானோரை எட்டினார்கள். 1933-ல் 27 வயதில் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பா அந்தக் காலத்தின் சிகரம். மைக் வந்தபின் சுருதியைத் தாழ்த்திப் பாடவும், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் மெல்லிய கமகத்தைக் கடைசி வரிசைக்கும் கொண்டுபோகவும் வழி பிறந்தது. சுருதியின் உயரத்தைக் கட்டை என்று எண்ணுவார்கள்; இன்று பாடகர்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டையிலும், பாடகிகள் 5 முதல் 6 கட்டையிலும் பாடுகிறார்கள். ஆனால் குரலின் தலையெழுத்து ஒலி மேசைக்காரரின் விரல்நுனிக்குப் போய்விட்டது. பழைய ரசிகர் பாடகரை மட்டும் தெரிந்துகொண்டால் போதும், இன்றைய ரசிகர் ஒலிபெருக்கி எங்கே தொங்குகிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் ஐந்தாறு வரிசைகள் மதிப்புக்குரியவை, கலைஞரின் முகமும் விரலும் தெரியும். கச்சேரி கேட்க அவை சிறந்தவை அல்ல. பெரிய அரங்குகளில் பிரதான ஒலிபெருக்கிகள் பக்கவாட்டிலோ உயரத்திலோ இருந்து கூடத்தின் நடுவைக் குறிவைக்கும். முன்வரிசையில் உட்கார்ந்தால் மிருதங்கமும் கஞ்சிராவும் மேடையிலிருந்து நேராக வந்து அடிக்கும், குரல் மட்டும் தலைக்கு மேலாகப் போகும். போதாததற்குக் கலைஞர்களுக்காக வைத்த மானிட்டர் பெட்டியின் ஒலியும் கலந்து கேட்கும். ஓரத்து இருக்கைகளில் அந்தப் பக்கத்து ஒலிபெருக்கி மட்டும் கேட்பதால் வயலின் ஒரு பக்கம் சாய்ந்து ஒலிக்கும்.

கீழ்த்தளத்தில் நடுவரிசைகள், நடுப்பகுதி. இதுதான் வாய்ப்பாட்டுக்கும் வாத்தியக் கச்சேரிக்கும் முதல் தேர்வு. ஒலி மேசை கீழ்த்தளத்தில் போடப்பட்டிருந்தால் அதற்கு இரண்டு மூன்று வரிசை முன்னால் உட்காருங்கள். அவர் காதுக்கு எது கேட்கிறதோ அதை வைத்துத்தான் அவர் கூட்டுகிறார், குறைக்கிறார். அவருக்குக் கேட்பது உங்களுக்கும் கேட்கும்.

பால்கனிக்கு அடியில் உள்ள கடைசி வரிசைகளைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேலே தொங்கும் பால்கனி கூரையிலிருந்து திரும்பிவரும் ஒலியை மறைத்துவிடும். குரலின் மேல்பகுதி, ஸ, ச, த போன்ற எழுத்துகளின் கூர்மை, மங்கும். சாகித்யம், அதாவது பாட்டின் சொற்கள், புரியாது. மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு ஒலி வந்துசேர ஏறக்குறைய 0.09 நொடி ஆகும். அங்கே துணை ஒலிபெருக்கி வைத்து, அதன் ஒலியை அதே அளவு தாமதப்படுத்தாமல் விட்டால் ஒரே சொல் இரண்டு முறை கேட்கும். இடைவெளி 0.05 நொடியைத் தாண்டினாலே காது அதை எதிரொலியாக உணரத் தொடங்கும், பாடகர் அப்போதைக்கப்போது கற்பனையாக ஸரிகம பாடும் வேகமான கல்பனா ஸ்வரத்தில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். எந்த ஊர்ப் பெரிய அரங்கிலும் இதே தொல்லைதான், இங்கேயும் பின்வரிசை வேண்டாம் என்பதற்கு இது போதும்.

முதல் பால்கனியின் முன்வரிசை எங்கள் இரண்டாவது தேர்வு, நாட்டியத்துக்கு அதுவே முதல் தேர்வு. காரணம் மேடை உயரம். சிலப்பதிகாரம் அரங்கேற்றுக் காதையில் மாதவி ஆடிய மேடைக்கு அளவு சொல்லியிருக்கிறது: அகலம் ஏழு கோல், நீளம் எட்டு கோல், உயரம் ஒரு கோல், ஒரு கோலுக்கு 24 விரல். விரல் அகலத்தை முக்கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை வைத்துக்கொண்டால் மேடை உயரம் ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடி, அகலம் பதினாலு அடிக்குள். உட்கார்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஆடுபவரின் பாதம் தெரியும் உயரம் அது. தூணின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கை நிறுத்தச் சொல்வதும் அதே காதைதான். இன்றைய பெரிய அரங்குகளில் மேடை அதைவிட உயரம், கீழ்த்தள முன்வரிசையில் இருப்பவருக்குக் கணுக்கால் மேடை விளிம்பில் மறைந்துபோகும். பரதநாட்டியத்தில் அடவு, அதாவது கால் அசைவு, தெரியாவிட்டால் பாதி போயிற்று. பால்கனியிலிருந்து பார்த்தால் பாதமும் தெரியும், குழு நடனமானால் மேடையில் போடும் கோலமும் தெரியும். அபிநயத்துக்கு முகம் தெரிய வேண்டும் என்பவர்கள் கீழ்த்தளத்தில் எட்டாவது பத்தாவது வரிசைக்குப் போகலாம். இரண்டாவது பால்கனி கட்டணம் குறைவு, உயரம் அதிகம், மேடை சிறிதாகத் தெரியும். மூட்டுவலி உள்ள பெரியவர்களை அங்கே அழைத்துப்போக வேண்டாம், டிக்கெட் எடுக்கும்போதே கீழ்த்தளம் என்று கேட்டு வாங்குங்கள்.

சரியான இருக்கை கிடைத்தும் ஒலி கெடுவது உண்டு. திரைப்பாடல் மேடைகளில் பழகியவர் ஒலி மேசைக்கு வந்தால் பழக்கதோஷத்தில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் கூட்டிவிடுவார். மிருதங்கத்தின் தொப்பி எனும் இடப்பக்கம் அப்போது ஊதிப் பெருத்து, வலந்தலை எனும் வலப்பக்கத்தின் சாப்பு, மீட்டு ஆகிய கூரிய அடிகள் காணாமல் போகும். மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வேண்டும், ஒரு பக்கத்துக்கு ஒன்று, இரண்டின் அளவையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். வயலினில் ஒட்டுகிற பிக்கப் எனும் சிறு ஒலிவாங்கி மட்டும் போட்டால் வில்லின் கீச்சொலி தூக்கலாக வரும். நல்ல மைக் ஒன்று அரை அடி தள்ளி வைத்தால் மரத்தின் ஒலி வரும், ஆனால் மானிட்டர் ஒலியையும் அது உள்ளே இழுப்பதால் ஊளையிடும் அபாயம் கூடும். முதல் பத்து நிமிடம் பாடகர் கையால் மேலே, கீழே என்று சைகை காட்டிக்கொண்டிருந்தால், முன்னேற்பாடாக ஒலி சரிபார்க்கவில்லை என்று பொருள். எலெக்ட்ரானிக் தம்புராவை மைக்கில் அளவுக்கு மீறி வைத்தால் வயலின் அதில் மூழ்கும். நாட்டியத்தில் இன்னொன்று: ஆட்டத்தை நடத்துபவர் தட்டும் நட்டுவாங்கத் தாளத்துக்கு மைக் மிக அருகில் வைத்தால் ஒவ்வொரு தட்டும் காதில் குத்தும், சலங்கை ஒலியும் ஜதியும் பின்வாங்கும்.

இதற்கெல்லாம் ரசிகர் என்ன செய்ய முடியும்? நிறையவே. இரண்டாவது உருப்படி முடிந்தும் சரியாகாவிட்டால், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே எழுந்துபோய் வாசலில் நிற்கும் சபா தொண்டரிடம் சொல்லுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கூவ வேண்டாம். என்ன குறை என்பதைத் துல்லியமாகச் சொல்லுங்கள். "சவுண்ட் சரியில்லை" என்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. "வலது பக்கம் வயலின் கேட்கவில்லை, மிருதங்கம் இரைகிறது" என்றால் அரை நிமிட வேலை. கூடம் நிறையாத நாளில் நாலு வரிசை மாறி உட்கார்ந்து பாருங்கள். ஆள் குறைந்த கூடத்தில் எதிரொலி கொஞ்சம் நீளும், அப்போது முன்னால் நகர்வது உதவும்.

இப்போது மிக முக்கியமான பிரிவு. அரங்கின் நாட்காட்டியில் இரண்டு வகை நிகழ்ச்சிகள் உண்டு: சபாவே நடத்துவது, வெளியார் வாடகைக்கு எடுத்து நடத்துவது. முதல் வகையில் கர்நாடகம், இந்துஸ்தானி, நாட்டியம், நாடகம், சமய உரை. அறிவித்த நேரத்துக்குத் தொடங்கும், கூட்டத்தில் பாதிப்பேர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், பாடகர் கல்யாணி ராகத்தைத் தொட்ட மாத்திரத்தில் ஒரு அசைவு கூடம் முழுக்கப் பரவும். இரண்டாவது வகையில் இந்தித் திரையிசை இரவுகள், குஜராத்தி, மராத்தி நாடகங்கள், நகைச்சுவை மேடை, பள்ளி ஆண்டுவிழா, கம்பெனி விழா. பழைய ஃபிலிம்ஃபேர் விருது விழாக்கள்கூட இங்கே நடந்திருக்கின்றன. இந்த நாட்களில் பொறுப்பெல்லாம் வாடகைக்கு எடுத்தவருடையது. பல நேரம் ஒலி, ஒளிச் சாமான்களை அவர்களே கொண்டுவந்து இறக்குவார்கள். தொடக்கம் முக்கால் மணி தாமதமாகலாம், வரவேற்புரை, பொன்னாடை, விளம்பரதாரர் பேச்சு என்று நீளலாம். அப்படிப்பட்ட நாளைப் பார்த்து அரங்கத்தை எடைபோடக் கூடாது. டிக்கெட் எடுக்கும்முன் விளம்பரத்தின் அடியில் நடத்துபவர் பெயரைப் பாருங்கள். சபாவின் பெயர் இருந்தால் நம்பிப் போகலாம். வேறு பெயரானால், அவர்கள் முன்பு நடத்திய நிகழ்ச்சிக்குப் போனவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

வாடகை நிகழ்ச்சிகளைக் குறைசொல்லி ஒதுக்கிவிடவும் முடியாது. இவ்வளவு பெரிய கூடத்தின் மின்கட்டணம், குளிர்சாதனம், பராமரிப்பு எல்லாம் உறுப்பினர் சந்தாவில் மட்டும் அடங்காது. ஒரு திரையிசை இரவின் வாடகை சில கச்சேரிகளைத் தாங்கும். இளம் பாடகர் ஒருவர் முன்னூறு பேருக்குப் பாடும் மாலையின் செலவை, முதல்நாள் நிறைந்த கூடம் ஈடுகட்டுகிறது. சங்கீதப் பள்ளி நடத்துவதும், எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் இளைய கலைஞர்களுக்கு உதவித்தொகை தருவதும் இப்படிப்பட்ட வரவு இருப்பதால்தான் முடிகிறது. மக்களுக்குப் பிடித்த கேளிக்கை, மெல்ல வளரும் கலையைத் தோளில் சுமப்பது ஆரோக்கியமான ஏற்பாடு என்றே சொல்வோம்.

கவலை வேறிடத்தில் இருக்கிறது. உறுப்பினராக இருப்பவர் பிடித்த பாடகருக்கு மட்டும் வருவதில்லை. சந்தா கட்டியாயிற்று, இன்று யார் என்று பார்க்கலாம் என்று வந்து உட்காருவார், அப்படித்தான் புதியவர்கள் கேட்கப்பட்டார்கள், காதும் பழகியது. செல்பேசியில் ஒற்றை நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுப்பவர் தெரிந்த பெயரைத் தேடித்தான் வருவார். 1972-ல் பம்பாய் தூர்தர்ஷன், 1993-ல் சன் டிவி, இப்போது வீட்டிலிருந்தே பார்க்கும் நேரலை என்று ஒவ்வொன்றும் கூடத்துக்கு வருவோரைக் குறைத்ததை விட, கூடத்தில் மூன்று மணிநேரம் பொறுமையாக உட்காரும் பழக்கத்தைத்தான் அதிகம் குறைத்தன. இன்று கச்சேரி பெரும்பாலும் இரண்டரை மணியில் முடிகிறது. அதிலும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழும் கூட்டம். ஒரு மணிக்கும் மேலாகப் பாட்டுக்கு உழைத்த மிருதங்கக்காரருக்கும் கடத்துக்காரருக்கும் கிடைக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முதுகைக் காட்டிப் போவது அநியாயம். எழுந்துதான் ஆக வேண்டுமானால் பிரதான உருப்படிக்கு முன்னால் போய்விட்டு வாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அரங்கிலிருந்து சில கிலோமீட்டரில் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடவும் மற்ற வேலைகளுக்கும் வந்த தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் இடம். அங்கே விழா என்றால் தெருதான் மேடை. மாட்டுங்காத் தமிழர் சந்தா கட்டிக் கூடம் எழுப்பினார், தாராவித் தமிழர் வீட்டுக்கு வீடு வசூல் செய்து பந்தல் போட்டார். இரண்டும் ஒரே உழைப்புதான், ஆனால் சட்டம் இரண்டையும் ஒன்றாக நடத்துவதில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு. தெரு மேடைக்கு மாநில அரசு ஆண்டில் அதிகம் போனால் 15 நாட்கள் மட்டும் நள்ளிரவு வரை அனுமதி தரலாம். 1893-ல் பொதுவிழாவாக உருவெடுத்த கணபதி உற்சவமே அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டியிருக்கிறது. கூடம் வைத்திருப்பவனுக்கு இரவு நீளமானது. சபா ஆண்டுக்குச் சில மாலைகளையாவது பறைக்கும் நையாண்டி மேளத்துக்கும் தெருக்கூத்துக்கும் ஒதுக்கி, தாராவிக்கு நேரில் போய் அழைக்க வேண்டும். 2,763 இருக்கை அதற்கும் தாராளமாகப் போதும்.

போகும் வழி. ஹார்பர் பாதையில் கிங்ஸ் சர்க்கிள் நிலையம் மிக அருகில். பாந்த்ரா, அந்தேரி பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு இதுதான் வசதி, கோரேகாவ் கிளை வண்டிகள் மட்டும் இங்கே நிற்கும். செம்பூர், வாஷி, நெருலிலிருந்து வருபவர்கள் பன்வேல் கிளையில் குரு தேக் பகதூர் நகரில் இறங்க வேண்டும், கிங்ஸ் சர்க்கிள் அந்தப் பாதையில் வராது. டோம்பிவிலி, தாணே, முலுண்ட்காரர்களுக்கு சயான் அல்லது மாட்டுங்கா, இரண்டிலும் விரைவு வண்டி நிற்காது, ஸ்லோ வண்டியிலேயே ஏறுங்கள். புதியவர்கள் செய்யும் தவறு, மேற்குப் பாதையின் மாட்டுங்கா ரோடில் இறங்கிவிடுவது. அது பாதைக்கு அந்தப் பக்கம், நடை நீளம். கார் வேண்டாம். நிறைந்த கூடம் ஒரே நேரத்தில் கலையும்போது சுற்றுத் தெருக்கள் தாங்காது.

மழைக்காலத்தில் தனி எச்சரிக்கை. காந்தி மார்க்கெட் தாழ்வான பகுதி, பெருமழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால் வடிகால் நீர் போக இடமின்றி சாலையில் முழங்கால் அளவு நிற்கும். மாநகராட்சி ஜூன் முதல் செப்டம்பர் வரை 4.5 மீட்டருக்கு மேல் ஏற்றம் வரும் நாட்களை முன்கூட்டியே அறிவிக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்து, ஏற்ற நேரம் நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தையோ முடியும் நேரத்தையோ ஒட்டியிருந்தால், மழையும் கொட்டினால், வீட்டிலேயே இருங்கள். ரயிலும் நின்றுபோகும்.

சாப்பாட்டை நிகழ்ச்சிக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. இடைவேளையில் ஆயிரம் பேர் காபிக்கு நின்றால் எந்த கேண்டீனாலும் சமாளிக்க முடியாது. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ராமாஷ்ரய், பாவு தாஜி சாலையில் கஃபே மெட்ராஸ், கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மைசூர், மூன்றுமே சுதந்திரத்துக்கு முந்தையவை. கையில் நேரம் இருந்தால் ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கில் இலைச்சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை வரிசை நீளும், நிகழ்ச்சிக்கு இரண்டு மணிநேரம் முன்னதாகப் போய்விடுங்கள். சாப்பிட்டதும் கூடத்துக்குள் போகும்போது ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், கூடம் பாதி காலியாக இருக்கும் நாளில் குளிர் பெரியவர்களை வாட்டும்.

சபாவிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. நிகழ்ச்சி அட்டையில் பாடகர், வயலின், மிருதங்கம் என்று அச்சிடுவதோடு ஒலி அமைப்பாளரின் பெயரையும் சேருங்கள். கச்சேரியின் பாதி அவர் கையில் இருக்கிறது. பெயர் அச்சில் வந்தால் நல்ல வேலைக்குப் பாராட்டும், மோசமான வேலைக்குக் கேள்வியும் சரியான முகவரிக்குப் போய்ச்சேரும், அடுத்த முறை டிக்கெட் எடுப்பவரும் அந்தப் பெயரைப் பார்த்து முடிவெடுப்பார்.